மூன்று பேர் செய்யும் ஒரு கத்தி!

ஜப்பான் நாட்டில் ஒசாகாவுக்குப் பக்கத்தில் சக்காய் என்று ஓர் ஊர். 400 ஆண்டுகளுக்கு மேலாகக் கத்திக்குப் பேர் போன ஊர். முன்பு டோக்குகாவா ஆட்சியில், இந்த ஊர்ப் புகையிலைக் கத்திகளுக்கு அரசாங்கமே தர முத்திரை கொடுத்தது.

இங்கே ஒரு கத்தியை ஒருவரே செய்வதில்லை. கொல்லர் இரும்பையும் எஃகையும் சேர்த்துக் காய்ச்சி அடிப்பார். கூர் தீட்டுபவர் வேறொருவர். பிடி போடுபவர் இன்னொருவர்.

இதை வாங்கி வெளிநாட்டில் விற்கும் வியாபாரிக்குத் தலைவலி இங்கேதான்! கையால் செய்த சரக்கு அல்லவா? ஒவ்வொரு கத்தியையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

கத்தியின் முதுகைக் கண்ணுக்கு நேரே பிடிப்பார். பழுக்கக் காய்ச்சிய கத்தியைத் தண்ணீரில் அமிழ்த்தும்போது விழுந்த நெளிவு இருந்தால் தெரிந்துவிடும். காய்கறிக் கத்தியின் நேரான வாயைப் பலகைமேல் நிறுத்துவார். நடுவே வெளிச்சம் தெரிந்தால் தீட்டியது சரியில்லை. இரும்பும் எஃகும் சேருமிடத்தில் மயிரிழை இடுக்கு இருக்கிறதா என்றும் தேடுவார்.

சுத்தியல் தழும்பு குறையே அல்ல. எடை இம்மியளவு கூடிக் குறைவதும் குறையல்ல. அதற்காகத் திருப்பி அனுப்புகிறவர், பேசாமல் இயந்திரக் கத்தியே வாங்கலாம்!

சிறு நெளிவைத் தட்டி நிமிர்த்திவிடலாம். விரிசல்தான் பொல்லாதது. அது கொல்லர் பட்டறையில் விழும். பல சமயம் தீட்டிய பிறகுதான் வெளியே தெரியும். அதற்குள் இரண்டு பேர் உழைப்பு வீண்!

ஆகவே, விவரம் தெரிந்த வியாபாரி சரக்கை அந்த ஊரிலேயே சோதித்து வாங்குகிறார். கடல் தாண்டிய பிறகு விரிசலைக் கண்டால், மூன்று பேரில் யாரிடம் போய்க் கேட்பது?