வகுப்பறையில் மக்கள்தொகைக் கல்வி

மக்கள்தொகைக் கல்வி என்றவுடன் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் என்று எண்ணுவோர் இன்றும் உளர். பிரசாரம் ஒரு முடிவை முன்வைத்து மக்களை அதற்கு இணங்கச் செய்வது. கல்வியோ, பிறப்பும் இறப்பும் குடிபெயர்ச்சியும் தம் ஊரின் நிலத்தையும் தொழிலையும் எவ்வாறு மாற்றுகின்றன என்பதை மாணவரே கணக்கிட்டு அறியச் செய்வது.

கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் இவ்வேறுபாட்டை நன்கு விளக்கும். 1971 ஜூலையில் அங்கு நடந்த முகாமில் ஒரே மாதத்தில் 63,000-க்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டனர். பெரும் சாதனைதான், ஆனால் முகாம் நாடியது பெற்றோரையே. நாளைய பெற்றோரை அடையப் பள்ளியே வழி. 1969-இல் பம்பாயில் கூடிய தேசியக் கருத்தரங்கு இக்கல்வியை வலியுறுத்தியது. 1980-இல் ஐக்கிய நாடுகள் நிதியத்தின் உதவியுடன் தேசியத் திட்டம் தொடங்கிற்று. தனிப் பாடமாக்காமல் கணிதம், புவியியல், உயிரியல் ஆகியவற்றுடன் இதனை இணைத்தனர். முறை நன்றே. எனினும், எல்லாப் பாடங்களுக்கும் பொதுவானது எவர் பொறுப்பிலும் இல்லாமற்போவது உண்டு. தேர்வில் வாராத பகுதியை ஆசிரியர் விரைந்து கடந்துவிடுவார்.

அதே மாவட்டத்தில் காயல் சூழ்ந்த கும்பளங்கியை எடுத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் பொக்காளி நெல்லும், அறுவடைக்குப் பின் அதே வயலில் இறாலும் விளையும் ஊர் இது. இங்குள்ள கணித வகுப்புக்கு ஏற்ற கணக்கு ஒன்று: 1961-71-இல் கேரள மக்கள்தொகை 26.3 விழுக்காடு பெருகியது. அதே வேகத்தில் இரட்டிப்பாக ஏறத்தாழ 30 ஆண்டுகள் போதும். 2001-11-இல் பெருக்கம் 4.9 விழுக்காடே, இரட்டிப்பாக ஏறத்தாழ 145 ஆண்டுகள் ஆகும். அன்று எழுந்த கேள்வி, இத்தனை பேருக்கும் நிலம் போதுமா என்பது. இன்றோ, சேற்றில் இறங்க ஆள் உண்டா, முதியோரைப் பேணுவோர் யார் என்று கேட்க வேண்டியுள்ளது. 2011 கணக்கெடுப்பில் கேரள மக்களில் 12.6 விழுக்காட்டினர் அறுபதைக் கடந்தவர்கள். இந்தியாவில் இது 8.6 விழுக்காடே.

ஆகவே சிறு குடும்பச் சுவரொட்டியை வகுப்பில் ஒட்டினால் போதாது. பாட்டியுடன் பிறந்தோர் எத்தனை பேர், தாயுடன் பிறந்தோர் எத்தனை பேர், வெளிநாடு சென்றோர் யார், ஊரில் தங்கியோர் யார் என மாணவர் வீடுகளில் கேட்டு அட்டவணை அமைக்கலாம். பெயர்கள் அதில் வேண்டா. உடன்பிறந்தோர் மிகுந்த குழந்தை வகுப்பில் தலைகுனிய நேரலாகாது.

1994 கெய்ரோ மாநாட்டுக்குப் பின் வளரிளம் பருவ நலமும் ஆண் பெண் சமத்துவமும் இக்கல்வியில் கூடுதல் இடம் பெற்றன. ஆசிரியர்கள் தயங்குவது இங்கேதான். கும்பளங்கியிலோ பெண்களுக்கு மாதவிடாய்க் கிண்ணம் வழங்கப்பட்டு, 2022 ஜனவரியில் அது நாட்டின் முதல் சானிட்டரி நாப்கின் இல்லாக் கிராமமாக அறிவிக்கப்பட்டது. ஊரறியப் பேசிய பொருளை வகுப்பறை மட்டும் மறைப்பதற்குக் காரணம் நாணமன்று, பயிற்சியின்மையே. நிதி ஒதுக்குவோர் அச்சிட்ட ஏடுகளுக்கு முன் ஆசிரியர் பயிற்சியைக் கவனிப்பது தகும்.