மண்ணுக்குள் ஒரு சிக்கனக் கணக்கு

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனாலும் பயிர்களால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை. அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடக்கின்றன. மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்கள் மட்டும் நைட்ரஜனேஸ் என்ற நொதியைக் கொண்டு அந்தப் பிணைப்பைப் பிரித்து அம்மோனியா செய்கின்றன. ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்குக் குறைந்தது 16 ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறுகள் செலவாகும். சுற்றிலும் அம்மோனியா கிடைக்கும்போது இத்தனை ஆற்றலை எதற்கு வீணாக்க வேண்டும்?

செல்லுக்குள் நைட்ரஜன் இருப்பு எவ்வளவு என்பதைப் பாக்டீரியா எப்படி அறிகிறது? இதில் மிக விரிவாக ஆராயப்பட்டது கிளெப்சியெல்லா. அதன் செல்லுக்குள் இருக்கும் குளுட்டமின் அளவுதான் அளவுகோல். அது குறைந்தால், பிஐஐ என்ற சிறு புரதத்தின் மேல் ஒரு நொதி யுஎம்பி என்ற மூலக்கூறை ஒட்டிவிடுகிறது. அதுவரை என்டிஆர்பி என்ற புரதத்தைப் பிடித்து வைத்திருந்த பிஐஐ அதை விட்டுவிடுகிறது. விடுபட்ட என்டிஆர்பி, என்டிஆர்சி என்ற புரதத்துக்குப் பாஸ்பேட் ஏற்றுகிறது. பாஸ்பேட் ஏறிய என்டிஆர்சி, தேவையான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது.

அப்போதும் எல்லா மரபணுக்களும் ஒரே சமயத்தில் இயங்கிவிடுவதில்லை. நைட்ரேட்டைச் செரிக்கும் மரபணுக்கள் இயங்க, பற்றாக்குறை இருந்தால் மட்டும் போதாது; அருகில் நைட்ரேட்டும் இருக்க வேண்டும். காற்று நைட்ரஜனைப் பிடிக்கும் 'நிஃப்' மரபணுக்களுக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம். சுமார் 20 மரபணுக்கள் வரிசையாக அமைந்த தொகுதி அது. 1972இல் ரே டிக்சனும் ஜான் போஸ்ட்கேட்டும் அதை ஈ.கோலை பாக்டீரியாவுக்கு மாற்றி, அதையும் நைட்ரஜன் பிடிக்க வைத்தார்கள். இந்தத் தொகுதியை இயக்குவது நிஃப்ஏ என்ற புரதம். அதைத் தடுப்பது நிஃப்எல். ஆக்சிஜன் பட்டால் நைட்ரஜனேஸ் பாழாகிவிடும். அதனால் அம்மோனியம் தென்பட்டாலும் சரி, ஆக்சிஜன் தென்பட்டாலும் சரி, நிஃப்எல் நிஃப்ஏவின் வேலையை நிறுத்திவிடுகிறது. அசோட்டோபாக்டர் என்ற மற்றொரு பாக்டீரியாவில் நிஃப்எல் மரபணுவை நீக்கிப் பார்த்தபோது, அது தன் தேவைக்கு மேல் அம்மோனியா செய்து வெளியே விட்டது.

நம் உழவர்கள் உயிர் உரமாக இடும் அசோஸ்பைரில்லமும் இப்படிச் சிக்கனமானதுதான். அம்மோனியம் வந்ததும் அது புதிய நைட்ரஜனேஸ் செய்வதை நிறுத்துவதோடு, ஏற்கெனவே உள்ளதையும் சில நிமிடங்களில் முடக்கிவிடுகிறது. வயலில் இடும் யூரியாவும் மண்ணில் அம்மோனியமாகத்தான் மாறுகிறது. அசோஸ்பைரில்லத்தால் வேர் வளர்ச்சியைத் தூண்டுவது போன்ற பிற நன்மைகள் கிடைக்கலாம். ஆனால் யூரியாவைக் குறைக்காமல் உயிர் உரத்தையும் சேர்த்து இட்டால், காற்றிலிருந்து தழைச்சத்து கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை.