‘டிக்’ அடிச்சா போதுமா... கதைச்சுப் பார்க்க வேணாமா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி அலையறீங்களா? காரமடையில் பஸ் ஏறி, காந்திபுரத்தில் மாறி, சிறுவாணி ரோட்டில் போனால் பூலுவபட்டி. அங்கே இருக்கிறது ஒரு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரைத் தமிழக அரசு 2021-ல் மாற்றியது.

அந்த வருஷம் அரசு சொன்ன கணக்குப்படி, தமிழ்நாட்டில் 108 முகாம்கள். உள்ளே 58,822 பேர், வெளியே 34,087 பேர். சரி, எத்தனை பேர்னு தெரிஞ்சிடுச்சு. எப்படி இருக்காங்க? அதுக்குத்தான் ‘கலப்பு முறை’ ஆய்வு. எண்ணவும் செய்யணும், உட்கார்ந்து பேசவும் செய்யணும்.

‘இலங்கைக்குத் திரும்ப விருப்பமா? ஆம்/இல்லை’ என்று கேட்கிறீர்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்த பாட்டிக்கு அந்தக் கேள்வி பொருந்தும். முகாமிலேயே பிறந்த பேத்தி எங்கே ‘திரும்புவாள்’? அவளுக்கு அது பார்க்காத ஊராச்சே! ரெண்டு பேரும் ‘இல்லை’ன்னு டிக் அடிக்கலாம். ஆனால், காரணம் ஒண்ணா இருக்காது. ‘வேலை இருக்கா?’ என்ற கேள்வியும் இப்படித்தான். டிகிரி முடிச்சுட்டு பெயின்ட் அடிக்கப் போறவரும் ‘ஆம்’னுதான் சொல்லுவார்.

அதனால், முதலில் சில குடும்பங்களோடு பேசுங்க. பேசுறதை அவங்க ‘கதைக்கிறது’ என்பார்கள். அந்தக் கதையிலிருந்து கேள்வித்தாள் தயாரிச்சு, எல்லா வீட்டுக்கும் கொண்டு போங்க. புரியாத விடை வந்தால் மறுபடி போய்க் கேளுங்க.

பிறந்த தேதியை மறக்காதீங்க! 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். பிறகு பிறந்தவருக்கு அப்பா, அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்கணும். ஆக, ஒரே வீட்டில் 1986-ல் பிறந்த அக்காவுக்கு ஒரு சட்டம், 1988-ல் பிறந்த தம்பிக்கு வேறு சட்டம். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்கச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது.

கிளம்பும் முன் சில விஷயங்கள்... மறுவாழ்வு ஆணையரகத்திடம் முறையாக அனுமதி வாங்குங்க. பேரு, வீட்டு நம்பர் எழுதாதீங்க. ‘வேணாம் தம்பி’ன்னா விட்டுடுங்க. குடியுரிமைக்காகக் காத்திருப்பவர்களிடம், ‘இந்த சர்வேயால அது கிடைக்காதுங்க’ என்று முதல் நாளே சொல்லிடணும். பொய்யான நம்பிக்கை கொடுப்பதைவிட ப்ராஜெக்ட்டே பண்ணாமல் இருக்கலாம்.

முடிச்சதும் நேரே லைப்ரரி ரேக்குக்குப் போகாதீங்க. கண்டுபிடிச்சதை முகாமில் நாலு பேரைக் கூட்டி, தமிழில் சொல்லிட்டு வாங்க. தப்பிருந்தா திருத்த அவங்களைவிட நல்ல கைடு யாரு?