வாவிக்கரையில் உடல் வலிமை

மட்டக்களப்பு வாவியில் தோணிமீது நின்று வீச்சுவலை எறிபவனை நேயர்கள் பலமுறை கண்டிருப்பர். பாதம் ஊன்றி, இடை சுழன்று, தோள் வீச, வலை வட்டமாய் விரிந்து நீரில் வீழ்கின்றது. நனைந்த வலையை அவன் இழுத்தெடுக்கையில் முதுகும் முன்கையும் உழைக்கின்றன. இத்தகையோனுக்குத் தேகப்பியாசம் எதற்கு என்ற வினா எழுதல் இயல்பே. ஆயின், அவன் பெரும்பாலும் ஒரே தோளால் வீசுகின்றான். ஒரே பக்கமாக இடையைத் திருப்புகின்றான். உழைப்பு வலிமை தரும். சமநிலை தருமென்பது உறுதியன்று. அவனுக்கு வேண்டுவது மேலும் இழுத்தலன்று. தரையிற் கையூன்றித் தள்ளுதலும் மறுபுறம் இடையைத் திருப்புதலுமேயாம்.

எழுத்துவேலை செய்வோர் நிலை இதனின் வேறு. மண்முனையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்டபின் வாவியைக் கடத்தல் எளிதாயிற்று. படுவான்கரை வயல்களில் அறுவடை இயந்திரம் வரவே, தாக்கத்தி பிடிக்கும் கைகளும் குறைந்தன. வசதி வந்தது நன்றே. உடலுக்குக் கிடைத்த வேலைதான் போயிற்று.

தசை வளர்வது எவ்வாறு? பழகிய சுமையினும் சிறிது மிகுந்த சுமையைத் தாங்கி, பின் ஓய்வு பெறும்போது அது வலுக்கின்றது. காயமுற்ற போர்வீரர்க்குச் சிகிச்சையளித்த அமெரிக்க வைத்தியர் தோமஸ் டிலோம், சுமையைப் படிப்படியாய் ஏற்றும் முறையை 1945இல் வெளியிட்டார். இன்றைய பயிற்சிகள் பலவற்றிற்கும் அதுவே அடிப்படை.

சிறுவர்க்கு அவர்தம் உடற்பாரமே போதிய சுமை. மரமேறுதலும் கயிறிழுத்தலும் நல்ல பயிற்சிகளே. இளைஞரைப் பொறுத்தவரை நோக்கமே முறையை வகுக்கும். பெருவலிமை நாடுவோன் மிகு பாரத்தைச் சில முறை தூக்குக. நெடுநேரம் துடுப்பு வலிக்க விழைவோன் குறைந்த பாரத்தைப் பல முறை தூக்குக. நடுவயதினர் கை, கால், முதுகு, வயிறு ஆகிய அனைத்தையும் வாரத்தில் 2 நாளேனும் பயிற்றுதல் வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். 65 வயதைக் கடந்தோர், விழாது நிற்கும் ஆற்றலை வளர்க்கும் பயிற்சியை வாரத்தில் 3 நாளேனும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

முதியோர்க்கு இது ஆகாதென்பது நம்மூரிலே வேரூன்றிய தவறான எண்ணம். பொஸ்ரன் நகரில் 90 வயதை ஒட்டிய முதியோர் சிலர்க்கு 8 வாரம் காற்பயிற்சி அளித்தனர். அவர்தம் கால்வலிமை சராசரியாக இருமடங்கினும் மிகுந்தது. 1990இல் இவ்வாய்வு வெளிவந்தது. பயிற்சியை விட்ட 4 வாரங்களில் வலிமை ஓரளவு குறைந்ததையும் அவர்கள் கண்டனர்.

வீட்டிலே தொடங்க விரும்பும் முதியவர், சுவரோரம் அசையாத கதிரையொன்றை இட்டு, கையூன்றாது எழுந்து அமர்ந்து பார்க்கலாம். முதல்வாரம் ஐந்து முறை போதும். பின்னர் ஒவ்வொன்றாய்க் கூட்டுக. இரத்த அழுத்தமோ இதயநோயோ உடையோர் முன்னரே வைத்தியரைக் கேட்டல் நன்று. எழும்போது மூச்சை அடக்காது வெளியே விடுக; அடக்கின் இரத்த அழுத்தம் சட்டென ஏறும்.