விடுப்பில்லாத இடத்தில் நடனம் வாழுமா?

மாசி மகத்தையொட்டி மாமல்லபுரம் கடற்கரையில் இருளர் பழங்குடியினர் கூடுகின்றனர். திருவள்ளூர் உள்ளிட்ட பல மாவட்டங்களிலிருந்து வரும் குடும்பங்கள், மணலில் சேலைகளால் மறைப்புக் கட்டித் தங்குகின்றன. இரவில் பாட்டும் ஆட்டமும். விடியலில் கன்னியம்மன் வழிபாடு. பெண் பார்ப்பதும் மணம் முடிப்பதும் அங்கேயே நடைபெறுவதுண்டு. சிதறி வாழும் ஒரு சமூகம், தன்னை மீண்டும் ஒன்றாகக் காணும் நாள் அது.

ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பகுதியில் வாழும் சான் மக்களிடமும் இத்தகைய மரபு உண்டு. நெருப்பைச் சுற்றி அமர்ந்து பெண்கள் கைதட்டிப் பாட, கணுக்காலில் கிலுக்குகள் அணிந்த ஆண்கள் இரவு முழுவதும் ஆடுவர். அது நோய் தீர்க்கும் சடங்கு. மனவேற்றுமைகளை ஆற்றும் வழியுமாகும். மத்திய கலஹாரிக் காப்பகத்திலிருந்து அவர்களை போட்ஸ்வானா அரசு வெளியேற்றியது. 2002-ஆம் ஆண்டு வெளியேற்றம் சட்டவிரோதமானது என்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. வாழிடம் பறிபோனால் கூடி ஆடும் வட்டமும் குலையும் என்பதே அவ்வரலாறு தரும் பாடம்.

நம் இருளர்களின் நிலை என்ன? 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தையடுத்துப் பாம்புத்தோல் வணிகம் முடிவுக்கு வந்தது. காட்டை இழந்த பலர், முன்பணம் பெற்றுச் செங்கல் சூளைகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் சென்றனர். கொத்தடிமை முறை 1976-இல் சட்டப்படி ஒழிக்கப்பட்ட பின்னரும், திருவள்ளூர் மாவட்டத்தில் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகள் வந்துகொண்டுதான் இருந்தன.

இங்கு ஒரு பொருளாதார உண்மையைக் கவனிக்க வேண்டும். சூளை வேலை மழை ஓய்ந்தபின் தொடங்கிக் கோடை முழுதும் நீடிப்பது. மாசி மகமோ அதன் நடுவில் வருகிறது. முன்பணக் கடனில் சிக்கிய குடும்பம் உரிமையாளர் இசையாமல் கடற்கரைக்குச் செல்ல இயலாது. பெரியவர்கள் ஆடுவதைப் பார்த்தே கற்கும் சிறுவர்களுக்கு, ஓராண்டு வாய்ப்புத் தவறினால் அது ஒரு பாடம் தவறியதற்கு ஒப்பாகும்.

பிழைப்போடு இணைந்த மரபு நிலைக்கும் என்பதற்குச் சான்றும் அவர்களிடமே உள்ளது. பாம்பின் நஞ்சை எடுத்து விற்பதற்காக 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கம், அவர்களது பாம்பு பிடிக்கும் அறிவை வருவாயாக மாற்றியது. 2023-இல் இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

எனவே அரசு விழா மேடையில் பத்து நிமிடம் ஆடவைப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா, தடையின்றிச் சாதிச் சான்றிதழ், முன்பணப் பிணைப்பின் மீது கடும் கண்காணிப்பு ஆகியவை முதல் தேவைகள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலும் சுற்றுவட்டாரச் சூளைகளிலும் பணிபுரியும் இருளர்களுக்கு மாசி மகத்துக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு வழங்கலாம். செலவு சிறிது, பயன் தலைமுறைகளுக்கானது.