பயிற்றம் பருப்புக்குள் ஒரு திருட்டுப் பார்வை

பட்டர்வொர்த் பாசாரில் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் பையில் போடுகிறோமே தௌகே, மீ கோரெங்கில் நறுக்கென்று கடிபடுமே, அதேதான்! பச்சைப் பயிறு அப்படி முளைப்பதற்கு வெகு முன்பே உள்ளே ஒரு பெரிய கூத்து நடந்து முடிந்துவிட்டது. சத்தம் போடாமல் வாருங்கள், எட்டிப் பார்த்துவிடலாம்.

இரவெல்லாம் ஊறிய பச்சைப் பயிறு ஒன்றை எடுத்துத் தோலை உரியுங்கள். இரண்டு பருப்பையும் நகத்தால் மெல்லப் பிரியுங்கள். ஓரத்தில் வெள்ளையாக வளைந்து கிடக்கிறதே, அதுதான் கரு. ஒரு முனை வேர். மறுமுனையில், அடடா, மடித்து வைத்த இரண்டு குட்டி இலைகள்! மண்ணையே பார்க்காத பொடியனுக்கு மேல் எது, கீழ் எது என்று எப்படித் தெரிந்தது?

செல்லுக்குள் ஓடும் நூல்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. ஆக்டின் இழை ஒரு வகை, நுண்குழல் இன்னொரு வகை. நுண்குழல்களைப் பக்கம் பக்கமாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டருக்குள் 40,000 அடங்கும். செல்லின் சட்டகம் என்று பாடநூல் சொல்லும். சட்டகமாவது! இங்கே கட்டு, அங்கே அவிழ் என்று ஒரு நிமிடம் சும்மா இருப்பதில்லை.

இதை நேரில் படம்பிடிக்க விஞ்ஞானிகளுக்கு வாய்த்தது அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் செடி. விலங்குகளில் விந்தின் உட்கருவை முட்டைச் செல்லின் உள்ளே கொண்டு சேர்ப்பவை நுண்குழல்கள். பூக்கும் செடியில் அது ஆக்டினின் வேலை என்று 2014-இல் காட்டிய குழுவில், நம் அண்டை வீடான சிங்கப்பூரின் டெமாசெக் ஆய்வகத்தாரும் இருந்தார்கள். அதிலும் வேடிக்கை என்னவென்றால், விந்து வந்து சேரும் முன்பே ஆக்டின் வலை உள்நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. கப்பலே வரவில்லை, நம் துறைமுகத்தில் கிரேன் ஓட ஆரம்பித்துவிட்ட மாதிரி!

கருவுற்றதும் முட்டைச் செல்லின் பழைய நூல் அமைப்பு கலைந்துபோகிறது. 2016-இல் ஜப்பானின் நகோயாவில் இதை நொடிப்படமாகவே எடுத்தார்கள். செல்லின் மேல்முனைக்குச் சற்றுக் கீழே நுண்குழல்கள் வளையமாகச் சுற்றிக்கொள்ள, செல் நெடுநெடுவென்று நீள்கிறது. நெடுக்காக ஓடும் ஆக்டின் இழைகள் உட்கருவை மேலே கொண்டுபோகின்றன. பிறகு செல் சமமில்லாமல் பிரிகிறது. மேலே இருக்கும் சின்னதுதான் ஏறக்குறைய முழுக் கருவும் ஆகும். கீழே உள்ள பெரியது பெரும்பாலும் அதைத் தாங்கும் காம்பு.

எனக்கு மிகவும் பிடித்தது நுண்குழல் பட்டை. கோதுமையில் 1966-இல் கண்டார்கள். செல் பிரியும் முன் நுண்குழல்கள் பெல்ட் போலக் கூடி ஓரிடத்தைக் குறிக்கும், பிறகு மாயமாய் மறையும். பின்னால் வரும் சுவர் சரியாக அங்கேயே போய் ஒட்டும்! 'ஃபாஸ்' மரபணு பழுதான செடியில் இந்தப் பட்டை உருவாவதில்லை. செல்கள் கண்டபடி பிரிந்து, கரு குண்டாகக் குட்டையாக வளர்கிறது. ஆனாலும் வேரும் இலையும் அதனதன் இடத்தில்தான் முளைக்கின்றன. ஆக, மேல்கீழை ஒழுங்காக வைக்க நூலைத் தவிர வேறு கைகளும் உள்ளே இருக்கின்றன.

நுண்குழலே இல்லையென்றால் கதை வேறு. ஜெர்மானியர்கள் ஆராய்ந்த 'பில்ஸ்' வகை மரபணுக்கள் கெட்டால், கரு ஒன்றிரண்டு பூதாகரச் செல்களாக ஊதி அப்படியே நின்றுவிடுகிறது. பில்ஸ் என்றால் காளான். அதில் ஒரு மரபணுவின் பெயரே ஷாம்பினியோன்!