விஜயந்தா டாங்கியின் சிற்றுரு

செங்கற்பட்டு ஜில்லா ஏரிகள் மலிந்த நாடு. கொளவாய், மதுராந்தகம் முதலிய ஏரிகளை ஆங்கிலத்தில் எழுதிய உத்தியோகஸ்தர்கள் அவற்றை ‘டாங்க்’ என்றே குறித்தனர். ஆதலால், ஓய்வு நேரத்தில் ‘டாங்க்’ செய்கிறோம் என்று நாம் கூறின், இந்நாட்டு முதியோர் சிலர் ஏரி வெட்டப் போகிறோமென்று எண்ணினும் எண்ணுவர். நாம் ஈண்டுக் கூறப்புகுவது போர்க்களத்து டாங்கியைப் பற்றியது. அதனைப் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கி அமைக்கும் கைத்தொழிலைப் பற்றியது.

இவ்விரு பொருள்களுக்கும் ஒரு பெயர் வாய்த்தது ஒரு மறைவின் பொருட்டு. முதல் உலகப் போரின்போது, 1915ஆம் ஆண்டின் இறுதியில், இங்கிலாந்தில் லிங்கன் நகரத்தில் இவ்வூர்திகளைச் செய்தவர்கள், பகைவர் செவிக்கு எட்டாதிருக்கத் தண்ணீர்த் தொட்டி செய்வதாகச் சொல்லிவைத்தனர். 1916 செப்டம்பர் 15இல் பிரான்சு நாட்டு ஸோம் போர்க்களத்தில் அவை முதன்முதல் புறப்பட்டன. மறைவு நீங்கிய பின்னரும் பெயர் நீங்கவில்லை.

நம் நாட்டில் டாங்கி பிறந்த இடம் ஆவடி. அவ்வூர் 1997ஆம் ஆண்டுவரை செங்கற்பட்டின் பெயரைக் கொண்ட ஜில்லாவைச் சேர்ந்திருந்து, பின்னர்த் திருவள்ளூர் ஜில்லாவிற் சேர்ந்தது. ஆங்கிலச் சொற்கள் சிலவற்றின் முதலெழுத்துக்களைக் கூட்டியே ‘ஆவடி’ என்னும் பெயர் அமைந்ததென்று ஒரு கதை வழங்குகிறது. தொழிற்சாலை தோன்றுமுன்னரே, 1955இல் காங்கிரஸ் மகாசபை கூடிய ஊர் அஃது என்பதை அறிந்தோர் இக்கதையை நம்பார். விக்கர்ஸ் கம்பெனியாருடன் 1961இல் செய்த உடன்படிக்கையின்படி, விஜயந்தா என்னும் டாங்கி 1965 முதல் 1983 வரையில் அங்கே செய்யப்பட்டது. அது 1971ஆம் ஆண்டுப் போரிலும் ஈடுபட்டது. இன்று படையிலிருந்து விலக்கப்பட்டுவிட்டது. அகமதுநகரத்து டாங்கி அருங்காட்சிசாலை போன்ற இடங்களில் சென்று காணலாம். புகழ்பெற்ற ஐரோப்பிய டாங்கிகளுக்கு உள்ளதுபோல் இதற்குப் பெட்டியில் அடைத்த உறுப்புக்கள் எளிதிற் கிடையா. எனவே, நம் ஜில்லாத் தொழிலாளர் சமைத்த இதனை நாமே தகடு வெட்டிச் சமைக்கவேண்டியதாகிறது. அதுவே இதனைத் தெரிந்தெடுப்பதற்குக் காரணமுமாம்.

பதினாறில் ஒரு பங்கு என்பது பெரிய உருவெனக் கருதப்படுவது. வழக்கமான முப்பத்தைந்தில் ஒரு பங்கில், 7.92 மீட்டர் நீளமுள்ள விஜயந்தாவின் உடல் 23 சென்டிமீட்டருக்குள் அடங்கும். பதினாறில் ஒரு பங்கிலோ 49.5 சென்டிமீட்டர் ஆகும். சிறிய உருவில் ஓர் ஆணித்தலையை ஒரு புள்ளியாக வைத்துத் தப்பிக்கலாம். பெரிய உருவில் அதன் ஆறு முகங்களும் கண்ணுக்குத் தெரியும். உடற்றகடுகளைப் பற்றவைத்த தழும்பும் அவ்வாறே. மெல்லிய பிளாஸ்டிக் நூலொன்றைச் சந்தில் ஒட்டி, கரைப்பான் தடவி இளக்கி, கத்தி நுனியால் நெருக்க நெருக்க அழுத்தினால் அத்தழும்பு வந்துவிடும். அதனை உப்புத்தாள் கொண்டு தேய்த்து அழகுபடுத்துவோர் உளர். தொழிற்சாலையில் எவரும் அங்ஙனம் தேய்க்கவில்லை.

இக்கைத்தொழிலிற் புகுவோர் முதலில் அறியவேண்டிய கணக்கு ஒன்றுண்டு. நீளம் பதினாறு மடங்கு குறையுங்கால் பரப்பு 256 மடங்கும், எடை 4096 மடங்கும் குறையும். விஜயந்தாவின் எடை ஏறத்தாழ 39 டன். அஃதாவது, அதே எஃகினால், தடிப்பையும் அதே விகிதத்திற் சுருக்கிச் சிற்றுருவைச் செய்தால் ஒன்பதரைக் கிலோகிராம் நிற்கும். நாம் செய்வது பிளாஸ்டிக்கினால் ஆன வெற்றுக்கூடு; அது மிகவும் இலேசானது. இதனால் விளையும் தொல்லை யாதெனின், டாங்கி தரையில் அமர்ந்ததுபோற் காட்சியளியாது. மெய்யான டாங்கியில் பக்கத்திற்கு ஆறாக உள்ள சக்கரங்கள் முறுக்குத் தண்டுகளின்மேல் சுமையைத் தாங்கிச் சற்றே உயர்ந்து நிற்கும். சங்கிலிப் பட்டையும் தன் எடையினால் மேலுருளைகளின் இடையிடையே தொய்ந்து தொங்கும். இலேசான பட்டையோ வில்லின் நாண்போல் விறைத்து நின்று, இது விளையாட்டுப் பொருளென்று காட்டிக்கொடுத்துவிடும். அடித்தட்டில் ஈயக்கட்டிகளை வைத்தல், பட்டையை உருளைகளோடு ஒட்டித் தொய்வை உண்டாக்குதல் ஆகிய இரண்டும் வேண்டும். எவ்வளவு ஈயம் வைப்பினும் மணலில் ஆழ்ந்த தடம் பதியாது. ஒன்பதரைக் கிலோகிராமே இருப்பினும், தரைமேல் அழுத்தம் மெய்யான டாங்கியினுடையதில் பதினாறில் ஒரு பங்கேயாம்.

பட்டைக் கண்ணிகள் இருபுறமும் சேர்ந்து நூற்றுக்கு மேற்படும். ஒன்றை மட்டும் செம்மையாகச் செய்து, அதன்மேல் சிலிக்கோன் ரப்பரை ஊற்றி அச்செடுத்து, மற்றவற்றை ரெசினில் வார்ப்பதே வழி. ஈண்டு நம் கடற்கரை குறுக்கிடுகிறது. பாலியூரிதேன் ரெசினோடு சேரும் குழம்பு காற்றிலுள்ள ஈரத்தோடு கலந்து கரியமிலவாயுவைக் கக்கும். கண்ணியெல்லாம் பஞ்சுபோற் பொள்ளலாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மாமல்லபுரத்து ஓரத்தில் இவ்வேலையைத் தொடங்காதிருத்தல் நலம். தொடங்கியே ஆகவேண்டுமெனின், சிறு டப்பிகளாக வாங்கித் திறந்த அன்றே முடித்துவிடுக. விரைந்து உலரும் வர்ணங்களும் அந்நாட்களிற் பனிபூத்து வெளுக்கும்; கரைப்பான் ஆவியாகும்போது பரப்புக் குளிர்ந்து அதன்மேல் ஈரம் படிவதே காரணம்.

மாமல்லபுரத்தைக் கூறியபின் ஐந்து இரதங்களைக் கூறாது செல்லுதல் தகாது. அவற்றை யாம் சிற்றுருக் கலையின் மூத்த உறவாகவே கருதுகிறோம். மரத்தாலும் கூரைப்புல்லாலும் ஆன கட்டடங்களின் உருவத்தை ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் கற்றச்சர் கருங்கல்லிற் செதுக்கினர். திரௌபதி இரதத்தின் கல் முகடு ஒரு குடிசையின் கூரையேயாம். கல்லுக்குத் தேவையில்லாத அவ்வளைவை அவர்கள் விடவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி வேறொரு பொருளிற் காட்டுதலே அவர் நோக்கம். எஃகைப் பிளாஸ்டிக்கிற் காட்டும் நமக்கும் அதுவே நோக்கம். (அர்ச்சுனன் பெயர் அங்கே ஓர் இரதத்திற்கும், ஆவடியில் பிற்காலத்தில் எழுந்த டாங்கிக்கும் ஒருங்கே வாய்த்தது வியப்பே.) இன்றும் அவ்வூர்ச் சிற்பிகள் அடிக்கோலைவிடத் தாலத்தையே நம்புகின்றனர். உத்தம தசதாலப் படிமத்தின் உயரம் 124 கூறுகள். படிமம் ஒரு சாணாயினும் ஓராளுயரமாயினும் கூறுகள் மாறா. நம் மாணவர் அளவுநாடாவை ஒவ்வொரு முறையும் பதினாறால் வகுத்து இடர்ப்படுகின்றனர். அச்சிற்பிகளைப் பின்பற்றி, பதினாறில் ஒன்றாகக் கோடிட்ட அளவுகோல் ஒன்றைத் தாளில் வரைந்து வைத்துக்கொண்டால் வகுத்தலே வேண்டா.

மிஷன் கல்லூரி மாணவர் கொலைக்கருவியைப் பொம்மையாக்கி மகிழ்வது முறையோ என்று ஆசிரியர் சிலர் வினவுவதுண்டு. வினா நியாயமானதே. நாம் கண்ட விடை, உள்ளே ஆளை வைக்கவேண்டும் என்பதாம். விஜயந்தாவில் நால்வர் செல்வர். உடலின் முன்புறம் வலப்பக்கத்தில் ஓட்டுபவர் ஒருவர்; சுழற்கோபுரத்துள் மற்றை மூவர். ஐந்தரையடி மனிதர் பத்தரைச் சென்டிமீட்டர் ஆவர். அவ்வுருவைச் செய்து ஓட்டுபவர் துளையில் இறக்கிப் பார்க்குங்காலையிலேதான், அவர் தோளுக்கும் தகட்டிற்கும் இடையே எத்துணைச் சிறிது இடம் உண்டென்பதும், தீப்பற்றினால் வெளியேறும் வழி எத்துணைக் குறுகியதென்பதும் விளங்குகின்றன. முன்புறக் கவசத்தின் மிகுந்த தடிப்பு 80 மில்லிமீட்டர். நம் அளவில் ஐந்து. அந்த ஐந்து மில்லிமீட்டரைத் தொட்டுப் பார்த்த மாணவர் அப்பொருளை வெறும் விளையாட்டென்று எண்ணார். ஆளில்லாது மூடிகளையெல்லாம் அடைத்து வைத்த மாதிரியுரு எவ்வளவு நுட்பமாயினும் எம் உள்ளத்திற்கு நிறைவு தருவதில்லை.

இனிப் புழுதி. செங்கற்பட்டுச் செம்மண்ணை எடுத்துப் பூசிவிடுவோர் பலர். பாலைநிலத்திலும் பஞ்சாபு வயல்களிலும் ஓடிய டாங்கிக்கு அந்நிறம் பொருந்தாது. கடற்கரை மணலும் உதவாது; அரை மில்லிமீட்டர் மணலொன்று மெய்யளவில் எட்டு மில்லிமீட்டர்க் கூழாங்கல்லாகிவிடும். கோடையில் ஏரி வற்றியபின் கரையோரத்து வண்டலைக் கொணர்ந்து, உலர்த்தி, இடித்து, மெல்லிய துணியிற் சலித்தால் பதினாறில் ஒன்றுக்கு ஏற்ற மணல் கிடைக்கும். சிறிது சுண்ணப்பொடி கலந்து நிறத்தை வெளுக்கச் செய்து, சக்கரங்களின் அகவாயிலும் பட்டைக் கண்ணிகளிலும் மட்டும் தூவுக. சுழற்கோபுரத்தின் மேல் வேண்டா, அங்கே ஆட்கள் ஏறி இறங்கித் தேய்த்திருப்பர். முடிந்த உருவைக் கடற்காற்றுப் படாத கண்ணாடிப் பெட்டியில் வைக்கவேண்டும். உப்புப் படிந்தால் பித்தளை உறுப்புக்கள் ஓராண்டிற்குள் பச்சை பூக்கும்.